"யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை: கடலாடிக் கரையோரக் கள ஆய்வு, ஆலோசனை வேண்டும்

உவர்மண் | செப்டம்பர் 4

வணக்கம். வேளாண் விரிவாக்கத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். மழையை நம்பிப் பயிர் செய்கிற மானாவாரிச் சம்சாரிகள் (விவசாயிகள்) புதிதாக ஒன்றை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் கடலுக்குப் பக்கமாக மூன்று ஊர்களை எடுத்திருக்கிறேன். கேள்வித்தாளை நீட்டி டிக் அடிக்கிற வேலை வேண்டாம், ஊராரே வரைந்து, எண்ணி, பேசுகிற பங்கேற்பு முறையில் செய்யலாம் என்று கைடும் நானும் முடிவு செய்தோம். முதல் ஊரிலேயே தடுமாறி நிற்கிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்தரை மணிக்குச் சாவடி வேப்பமரத்தடியில் கூடினோம். கோலப்பொடியும் செங்கல் தூளும் கொடுத்து ஊர் வரைபடம் போடச் சொன்னேன். அருமையாகப் போட்டார்கள். கண்மாய், அதன் மடைகள், மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு, தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கே தூர்ந்து கிடக்கிறது, எந்தப் புஞ்சையில் உவர் ஏறியிருக்கிறது, சீமைக்கருவேல் எதுவரை வந்துவிட்டது, எல்லாம் வந்தது. பருவ நாட்காட்டியும் நன்றாகவே வந்தது. கடைசியில்தான் என் ஆய்வுக்கு உயிரான பகுதி. தரையில் ஆறு கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு படம் வைத்தேன்: வேளாண்மை அலுவலர், உரக்கடை, பக்கத்து நிலத்துக்காரர், டிவி, போன், வீட்டுப் பெரியவர்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. யாரிடம் கற்றீர்களோ அந்தக் கட்டத்தில் வையுங்கள் என்றேன். பாதிக்கு மேல் வேளாண்மை அலுவலர் கட்டத்தில் விழுந்தது.

சாக்கைச் சுருட்டும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, படிக்கிற பிள்ளை, ஆபீஸ் ஆளுகளோட வந்திருக்கீக. அதான் அந்தக் கட்டத்துல நிறையப் போட்டோம். போதுமா?" அன்போடுதான் கேட்டார்.

அப்புறம் தண்ணீர் குடிக்க ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஓர் அம்மா, விதைக்கென்று எடுத்து வைத்திருந்த குண்டு மிளகாய் வற்றலைப் பானையிலிருந்து கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு குலுக்கு. உள்ளே விதை சலசலவென்று ஆடினால் வலது பக்கம். சத்தம் வரவில்லை என்றால் கடற்காற்றில் ஈரம் ஏறிவிட்டது, இடது பக்கம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். "இதையெல்லாம் யாரும் சொல்லிக் குடுப்பாகளா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவராகவே சொன்னார்: கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் ஒரு கூடையைக் கையில் கொடுத்து, நல்லதாப் பார்த்து எடு என்று மட்டும் சொன்னாராம். எடுத்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பக் கூடையிலேயே கொட்டிவிட்டாராம். மூன்று தடவை.

நான் தேடி வந்தது அந்தத் திண்ணையில் இருந்தது. என் ஆறு கட்டத்தில் அதற்கு இடமே இல்லை. முறையை எப்படி மாற்றுவது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரத்துக்கால் | செப்டம்பர் 4

கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே நின்றார்கள்? காலனியிலிருந்து யாராவது வந்தார்களா? சாவடி என்பது எல்லாரும் சமமாக உட்காருகிற இடம் இல்லை. அங்கே வரைந்த படம் ஊர்ப் படம் ஆகாது, சாவடியில் உட்காருகிறவர்களின் படம். இந்த மாவட்டத்தில் பதினோரு வருஷமாகத் தொண்டு நிறுவன வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் நானும் இதே தவறைச் செய்தேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

பழைய டைரி | செப்டம்பர் 5

தம்பி, நான் விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சி மற்றும் பார்வையிடல் திட்டம் நடந்த காலத்தில் வேலை பார்த்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்குப் போக வேண்டும், தொடர்பு விவசாயி என்று சிலரைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் செய்தி சொல்ல வேண்டும், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். டைரியில் யார் வந்தார்கள், என்ன சொன்னேன் என்று எழுதுவேன். சொன்னால் கற்றுக்கொண்டதாகக் கணக்கு. உங்கள் ஆறு கட்டமும் அதே கணக்குதான். ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்கிக்கொள்கிறார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

இந்த வரைபடம், புளியங்கொட்டை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1980-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள், ஜீப்பில் வந்து தார்ரோட்டு ஓரமாக நாலு பேரைப் பார்த்துவிட்டுப் போகிற ஆய்வைக் கண்டித்தார்கள். கோலை ஊராரின் கையில் கொடு, அவர்கள் வரையட்டும் என்றார்கள். நம் நாட்டில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனமும் குஜராத்தில் ஆகாகான் அமைப்பும் அதை நிறையச் செய்து பார்த்து வளர்த்தன. நல்ல முறை. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கருவிகள் பெரும்பாலும் ஊரில் என்ன இருக்கிறது, எதற்கு எது மேல் என்று கேட்கப் பிறந்தவை. கற்றல் அப்படி இல்லை. அது ஒரு நாளில், ஒரு வயலில், ஒரு தவறுக்குப் பிறகு நடக்கிற காரியம். அதைத் தரையில் வரைந்து காட்டச் சொன்னால் எப்படி வரைவார்கள்?

1989-இல் இந்தோனேசியாவில் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியைப் படித்துப் பாருங்கள். நெல்லில் பூச்சி மேலாண்மைக்காக ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள் வயலில் இறங்கி, கண்ட பூச்சியையும் பயிரையும் அவர்களே வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று கூடி முடிவு எடுப்பார்கள். அங்கே கற்றல் உங்கள் கண்ணெதிரே நடக்கிறது, நினைவிலிருந்து தோண்ட வேண்டியதில்லை. நீங்கள் பள்ளி நடத்த வேண்டாம். ஆனால் முடிவு எடுக்கிற நேரத்தில் பக்கத்தில் இருங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் புழுதி விதைப்பு தொடங்கிவிடும். அதைவிட நல்ல சமயம் இல்லை.

சாயல்குடி சம்சாரி | செப்டம்பர் 6

நான் படிப்பாளி இல்லை. பத்தாவது முடித்து, இருபத்தேழு வருஷமாக நெல்லும் மிளகாயும் போடுகிறேன். என் மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான்.

கூட்டத்தில் கேட்டால் நாங்கள் பொய் சொல்வதில்லை. விருந்தாளிக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வோம், அவ்வளவுதான். எங்கே தோற்றேன், எப்படி ஏமாந்தேன் என்பதை நாலு பேர் மத்தியில் யார் சொல்வார்? கடன் கொடுத்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

என் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவோம். ஐப்பசி மழை பிடித்தால் முளைத்துக்கொள்ளும். முந்தி விதைத்தால், நடுவில் ஒரு சின்ன மழை பெய்து முளைக்க வைத்துவிட்டு, அப்புறம் இருபது நாள் வெயில் காய்ந்து அத்தனையும் கருகும். பிந்தினால், கனமழை வந்து உழவே விடாது. இதற்கு நடுவில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும்.

2016-இல் மழையே இல்லை. எல்லாருக்கும் போனது. அதிலிருந்து நான் ஒன்றும் கற்கவில்லை, அழுததுதான். கற்றது வேறொரு வருஷம். ஆவணியில் விதைத்தேன், சின்ன மழை பெய்து முளைத்தது, கருகிவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு டிராக்டர் கிடைக்காமல் பதினைந்து நாள் தள்ளிப்போனது. அவர் நெல் நின்றது. ஒரே மண், ஒரே மழை, நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பில் நான் தினமும் நின்று பார்த்தேன். அடுத்த வருஷத்திலிருந்து நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பாதியை முந்தியும் பாதியைப் பிந்தியும் விதைக்கிறேன். இதை யாரிடம் கற்றேன் என்று கேட்டால் என்ன சொல்ல? அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கு டிராக்டர் கிடைக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரப்புக்கு வாருங்கள் தம்பி. நின்றுகொண்டு பேசலாம்.

உவர்மண் | செப்டம்பர் 6

அண்ணே, இதை மூன்று தடவை படித்துவிட்டேன். எல்லாருக்கும் ஒன்றுபோல் போனால் கற்க ஏதும் இல்லை, பக்கத்தில் கொஞ்சம் வேறுபட்டு நின்றால்தான் கண்ணில் படுகிறது. இதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. கட்டாயம் வருகிறேன்.

எண்ணிப்பார் | செப்டம்பர் 7

நான் புள்ளியியல் பக்கம். கொஞ்சம் மறுத்துப் பேச அனுமதியுங்கள். மாமியார் கதையும் டிராக்டர் கதையும் மனதைத் தொடுகின்றன. ஆனால் இரண்டு கதையை வைத்து ஓர் ஊர் எப்படிக் கற்கிறது என்று சொல்ல முடியாது. மனதைத் தொடாத கதைகளும் இருக்கும், அவற்றை நாம் குறித்துக்கொள்வதே இல்லை. எண்ணிக்கையை வெறுத்துத் தள்ளிவிட வேண்டாம் என்பதுதான் என் கவலை.

எண்ணுவதிலும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1943-இல் அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோள ஆய்வு வெளியானது. 259 விவசாயிகள். எந்த வருஷம் முதலில் கேள்விப்பட்டீர்கள், எந்த வருஷம் விதைத்தீர்கள் என்று நினைவிலிருந்து சொல்ல வைத்தார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் ஏற்றிருந்தார்கள். புதுமை பரவுவதைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அது மூலமாக அமைந்தது. ஆனால் அதில் இரண்டு ஓட்டை. நினைவு தவறும். இரண்டாவது, ஜெயித்த விதையைப் பற்றித்தான் கேட்டார்கள். போட்டுப் பார்த்து விட்டுவிட்டதைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு பாடம் வந்திருக்கும்.

ஆகவே என் யோசனை. வருஷத்தை எண்ணாகக் கேட்காதீர்கள், நினைவில் நிற்கும் நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் 1964, சுனாமி 2004, வறட்சி 2016. அதற்கு முன்னா, பின்னா? மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகா? புளியங்கொட்டையையும் தூக்கிப்போட வேண்டாம். கூட்டத்தில் வைக்காமல் ஒவ்வொருவராக, அவரவர் திண்ணையில். கேள்வியையும் மாற்றுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்பதற்குப் பதில், நீங்கள் செய்து பார்த்து விட்டுவிட்டது எது? கணவனும் மனைவியும் தனித்தனியாக வைக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை எண்ணுங்கள். அந்த முரண்தான் உங்கள் தரவு.

பாம்பன் கரை | செப்டம்பர் 9

நிலத்துச் சம்சாரிகள் பேசுகிற இடத்தில் கடல்காரி நுழைகிறேன். என் அம்மா இருபது வயதிலிருந்து கடற்பாசி எடுப்பவர். நான் மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கும் மகளிர் குழுவில் இருக்கிறேன். எங்களிடமும் நிறையப் பேர் ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரு தடவை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றார்கள். தீவோரத்தில் பாசி எடுக்கப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றுகிற நாட்களில்தான். அன்றைக்கு அப்படிப்பட்ட நாள். விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி விடியலிலேயே கிளம்பியவர்கள் எப்படி வருவார்கள்? கடலுக்குப் போகாத வயதான மூன்று பேரும் நானும் உட்கார்ந்தோம். கடல் பெண்களின் கற்றல் என்று அதைத்தான் எழுதிப்போனார்கள்.

எங்களுக்கு நாட்காட்டி பன்னிரண்டு மாதம் இல்லை. பிறையும் காற்றும்தான். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் தென்கடல். பன்னிரண்டு கட்டம் போட்ட தாளை நீட்டினால் எங்கள் கணக்கு அதில் அடங்காது. வட்டம் போட்டுக் கொடுத்த ஒரு பெண் ஆய்வாளரிடம்தான் எல்லாம் சொன்னோம்.

கற்றலைப் பற்றிக் கேட்டீர்கள். மிதவையில் நாற்றுத் துண்டைக் கயிற்றில் கட்டும்போது எவ்வளவு இறுக்குவது என்பதுதான் முதல் பாடம். இறுக்கினால் தண்டு அறுந்துவிடும், தளர்த்தினால் அலை கொண்டுபோய்விடும். பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள், புரிந்த மாதிரி இருந்தது. நாற்பத்தைந்து நாள் கழித்து அறுக்கும்போது என் கயிற்றில் இடைவெளி இடைவெளியாக இருந்தது, பக்கத்து அக்கா கயிறு நிறைந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்துத் தன் முடிச்சின் மேல் வைத்தார். விரல்தான் கற்றுக்கொண்டது. அதை வாயால் கேட்டால் என்ன வரும்? கட்டச் சொல்லிப் பாருங்கள், நீங்களும் கட்டுங்கள். நீங்கள் தவறாகக் கட்டும்போது நாங்கள் திருத்துவோமே, அந்தத் திருத்தலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்காரன் | செப்டம்பர் 10

உச்சிப்புளி பக்கம். மேலே அக்கா சொன்னது உண்மை. ஊடே ஒன்று சேர்க்கிறேன். ஊரைக் குறுக்கே நடந்து பார்க்கிற முறையைக் கரையோரத்தில் செய்தால், கடலிலிருந்து உள்ளே நடந்து ஒவ்வொரு ஊற்றிலும் கிணற்றிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். எங்கள் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் என்பது புத்தகக் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். என் பாட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் ஊற்றைக் கை எட்டுகிற ஆழத்துக்கு மேல் தோண்டவிடமாட்டார், சிரட்டையால் மோந்து, ஊற விட்டு, மறுபடி மோப்பார். நாங்கள் போர் போட்டு மோட்டார் வைத்த பிறகுதான் அவர் ஏன் திட்டினார் என்று புரிந்தது. ஒரு வாய் குடித்தால் இந்தப் பேச்சு தானாக வரும். கூட்டத்தில் வராது.

உவர்மண் | அக்டோபர் 29

மன்னிக்கவும், நீண்ட நாள் ஆகிவிட்டது. களத்திலேயே இருந்தேன்.

முதலில் வரத்துக்கால் கேட்டதற்குப் பதில்: அன்றைக்குப் பெண்கள் ஒன்பது பேர், எல்லாரும் பின்னால் நின்றார்கள். காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. அவர்கள் வராததை நான் கவனிக்கவே இல்லை, அதுதான் வருத்தம். இந்த முறை நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்டுகிற இடத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் காலனிப் பெண்கள் மண்வெட்டிக் காம்பால் தரையில் போட்ட படத்தில் கண்மாய் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. யார் யார் புஞ்சையில் களை எடுக்கப் போவோம், எங்கே விறகு கிடைக்கும், எந்த மேட்டில் மிளகாய் முந்திப் பழுக்கும் என்பதெல்லாம் பெரிதாக இருந்தது. கூலிக்குப் போகிறவர்கள் ஒரே வாரத்தில் ஏழு புஞ்சையைப் பார்க்கிறார்கள். சொந்த நிலக்காரர் தன்னுடையதையும் பக்கத்தையும்தான் பார்க்கிறார். எந்த விதை எங்கே எப்படி வந்தது என்பதை ஊர் முழுக்கக் கொண்டுசெல்வது அந்தப் பெண்கள்தான். என் ஆறு படத்தில் கூலிப்பெண்ணின் படம் இல்லை.

விதைப்பின் போது பதினான்கு பேரோடு வயலில் நின்றேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொண்டேன்: "ஏன் இன்றைக்கு?" சிலர் வானத்தைக் காட்டினார்கள், சிலர் டிராக்டர்காரர் தேதியை. ஒருவர் போனில் வானிலைப் படத்தைக் காட்டிவிட்டு, உடனே அண்ணன் விதைத்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் சொன்னதும் வயலில் செய்ததும் ஐந்து பேருக்கு ஒத்துப்போகவில்லை. எண்ணிப்பார் அவர்கள் சொன்னபடி அந்த ஐந்தையும் தனியாக எழுதிவைத்தேன்.

தோல்வியும் உண்டு. விட்டுவிட்டது எது என்ற கேள்வியை ஒரு வீட்டில் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். அவர் நகையை அடகு வைத்துப் போட்ட ஆழ்துளைக் கிணறு, உப்பாகிப்போனது. வீட்டம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் ரெக்கார்டரை அணைத்து அந்தப் பதிவை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை மூன்றாவது தடவை போகும்போதுதான் கேட்கிறேன், முதலில் என் வீட்டில் நட்டப்பட்டதைச் சொல்லிவிட்டு.

மிளகாய் விதை பிரித்த அம்மாவிடமும் போனேன். கூடையைக் கொடுங்கள், நானும் எடுக்கிறேன் என்றேன். அரை மணி நேரம் குலுக்கிக் குலுக்கி எடுத்தேன். பார்த்தார். திரும்பக் கூடையில் கொட்டிவிட்டார்.

பழைய டைரி | அக்டோபர் 29

அந்தக் கடைசி வரியை ஆய்வேட்டில் கட்டாயம் எழுதுங்கள் தம்பி. கைடு நீக்கச் சொன்னால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

எண்ணிப்பார் | அக்டோபர் 30

ஐந்து பேர் என்பதில் எனக்கு நிறைவு. ஒரு வேண்டுகோள்: நீங்கள் பக்கத்தில் நின்றதாலேயே யாராவது விதைக்கிற நாளை மாற்றினார்களா என்பதையும் எழுதுங்கள். மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றிலாவது நீங்கள் போகாமல், ஊர்ப் பிள்ளைகள் இருவரை வைத்துக் குறிக்கச் சொல்லிப் பாருங்கள்.

உவர்மண் | அக்டோபர் 30

ஒருவர் மாற்றினார். "நீங்க வந்துட்டீக, இன்னைக்கே போட்ருவோம்" என்றார். அதை எழுதியிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் யோசனை மிக நல்லது, ஒரு தங்கச்சி ஏற்கெனவே ஆர்வமாகக் கேட்டார்.

சாயல்குடி சம்சாரி | நவம்பர் 2

எங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டது. முந்தி விதைத்த பாதி முளைத்து நிற்கிறது, பிந்திய பாதி இன்னும் இல்லை. தம்பி எழுதியதில் ஒன்று குறைகிறது. எங்களிடம் கேட்டதை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? போன முறை வந்தவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மாசியில் வாருங்கள். மிளகாய் எடுப்பு நடக்கும், சாயங்காலம் எல்லாரும் களத்தில் வற்றலைக் குவித்து மூட வருவார்கள். ஆணும் பெண்ணும் கூலிக்கு வந்தவர்களும் ஒன்றாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். நோட்டைக் கொண்டுவந்து வாசியுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்வோம். சாவடியில் வேண்டாம்.

உவர்மண் | நவம்பர் 2

வருகிறேன் அண்ணே. மாசி இரண்டாவது வாரம் என்று குறித்துக்கொண்டேன். உங்கள் இரண்டு பாதியும் எப்படி வருகிறது என்று நடுவில் ஒரு படம் அனுப்புங்கள், அந்த வரப்பும் தெரிகிற மாதிரி.